கொங்கிலிருந்து கடலுக்கு: கணவன் மனைவி இருவர் மட்டும் சிக்கனமாக வண்டியில் போய்வர, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் பார்க்க வேண்டும் என்று ஆசை. கிழக்கா, மேற்கா, தெற்கா?

முதலில் நீங்கள் எந்த ஊர் என்று பாருங்கள். கோவை, பொள்ளாச்சி, திருப்பூர்க்காரர்களுக்கு மேற்குக் கடல்தான் பக்கம். பாலக்காட்டுக் கணவாயில் மலையேற்றம் கிடையாது. கோவையிலிருந்து பொன்னானிக்குச் சுமார் 130 கிலோமீட்டர், கொச்சிக்குச் சுமார் 195. கரூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்குத் திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் வசதி. தாராபுரம், உடுமலைக்காரர்கள் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று தெற்கே இறங்கிவிடலாம்.

ஒரு பயணத்தில் ஒரு கரை மட்டும். ராமேஸ்வரமும் கொச்சியும் ஒரே சுற்றில் வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. முடியாது என்றில்லை. ஆனால் பார்ப்பது பூராவும் தார்ரோடாகத்தான் இருக்கும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் சின்னக் காரில் ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய் பெட்ரோலுக்கே போகிறது. சிக்கனம் என்றால் சாப்பாட்டில் வயிற்றைக் கட்டுவது என்று நினைக்கிறார்கள். கிலோமீட்டரைக் குறைத்தாலே பாதிக் காசு கையில் நிற்கும்.

எங்களுக்கு மூன்று நாள்தான் லீவு. எப்படிப் போவது?

மேற்கே போங்கள். விடிகாலை ஐந்து மணிக்குக் கோவையை விட்டால் வாளையார், குதிரான் சுரங்கம் தாண்டித் திருச்சூரில் காலை டிபன். பொள்ளாச்சிக்காரர்கள் கோவைக்கு வர வேண்டியதே இல்லை. கோவிந்தாபுரம், நென்மாறை வழியாக வந்து வடக்கஞ்சேரியில் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொள்ளலாம். வயலும் பனைமரமுமாக அந்த ரோடு அழகு.

திருச்சூரிலிருந்து நேரே கொச்சிக்கு விரட்டாமல் கொடுங்கல்லூருக்குத் திரும்புங்கள். பழைய முசிறித் துறை இந்தப் பக்கம்தான் இருந்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் செய்த மணிகளும், படியூர்ப் பச்சைக்கல்லும் இந்தக் கணவாய் வழியாகத்தான் மேற்குக் கரைக்குப் போயின. நம் பக்கத்து மண்ணில் ரோமானியக் காசு கிடைப்பதும் அதனால்தான். ஊரை ஒட்டித் திருவஞ்சைக்களம் சிவன் கோயில் இருக்கிறது. மலைநாட்டில் உள்ள ஒரே தேவாரத் தலம். இங்கே ஆண்ட சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடு திரும்பி வந்த சுந்தரரை வேடர் வேடத்தில் சிவன் வழிமறித்துப் பறித்ததாகக் கதை சொல்லும் திருமுருகன்பூண்டி, நம் அவிநாசிக்குப் பக்கத்தில். அவர் வந்த பாதையில் நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள்.

சாயங்காலம் செராய் கடற்கரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். இரவு அங்கேயோ வைப்பின் பக்கமோ தங்கிவிட்டு, மறுநாள் காலை வைப்பின் துறையில் ஜங்காரில் காரை ஏற்றுங்கள். சில நிமிடத்தில் ஃபோர்ட் கொச்சி. எறணாகுளம் நகருக்குள் சுற்றி நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்க இது நல்ல வழி. காரோடு படகில் ஏறுவது ஒரு தனிக் குஷி. அன்று முழுக்க ஃபோர்ட் கொச்சி, மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஊர் திரும்பல்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? வெளிப்படையாகச் சொல்லுங்க.

எங்கள் கணக்கு நோட்டில் எழுதும் விதத்திலேயே சொல்கிறேன். மேலே சொன்ன மூன்று நாள் மேற்குச் சுற்று 430 கிலோமீட்டர் வரும். பெட்ரோல் 2,500, சுங்கம் 600, இரண்டு இரவு அறைக்கு 3,000, சாப்பாடு நாளைக்கு 800 வீதம் 2,400, ஜங்கார், பார்க்கிங், நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து 800. கூட்டினால் 9,300. பத்தாயிரம் எடுத்து வைத்தால் கவலை இல்லை.

கிழக்குச் சுற்று நான்கு நாளுக்கு 14,500 பக்கம் வரும். தெற்கு, ராமேஸ்வரம் முதல் கன்னியாகுமரி வரை போய்த் திரும்பினால் 1,100 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து நாளுக்கு 19,000 வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் கூட்டமில்லாத நாளின் கணக்கு. தீபாவளி, பொங்கலுக்குத் திருப்பூரில் கம்பெனிகள் மொத்தமாக லீவு விடும்போது நீங்களும் கிளம்பினால் அறை வாடகை இரண்டு மடங்குகூட ஆகும். ஒரு வாரம் தள்ளிப் போங்கள்.

பெட்ரோல் எங்கே போடுவது?

கேரளாவில் நம் ஊரைவிட விலை அதிகம். வாளையாருக்கு முன்னாலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். கிழக்கே போகிறவர்களுக்கு நேர் எதிர். காரைக்காலும் புதுச்சேரியும் யூனியன் பிரதேசம், அங்கே விலை குறைவு. திரும்பும்போது அங்கே நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். கோழிக்கோடு, கண்ணூர் பக்கம் போனால் நடுவில் மாஹே வரும். அதுவும் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான். பெட்ரோல் பங்க்குகளில் வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஃபாஸ்டேக்கில் ஆண்டுப் பாஸ் எடுக்கலாமா?

2025இல் தொடங்கியபோது 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை, இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரை. சொந்தக் கார்களுக்கு மட்டும், தேசிய நெடுஞ்சாலை, விரைவுச்சாலைச் சாவடிகளில் மட்டும் செல்லும். இந்த ஒரு பயணத்துக்காக எடுத்தால் நஷ்டம். மாதாமாதம் நெடுஞ்சாலையில் போய்வருபவர் என்றால் எடுங்கள். எப்படியானாலும் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாள் பார்த்துவிடுங்கள். இல்லாமல் போனால் சாவடியில் கூடுதல் கட்டணம்.

கார் இல்லை, பைக்தான் இருக்கிறது. போகலாமா?

தாராளமாக. நெடுஞ்சாலைச் சாவடிகளில் பைக்குக்குச் சுங்கம் கிடையாது, பெட்ரோல் செலவும் பாதிக்குக் கீழே வந்துவிடும். ஒரு நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புதான் அளவு, ஓட்டுபவரின் ஆர்வம் இல்லை. கேரளாவில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2023 முதல் ரோட்டோரத்தில் கேமரா வைத்திருக்கிறார்கள். அபராதச் செய்தி ஊருக்கு வந்தபிறகுதான் செல்லுக்கு வரும்.

ஃபோர்ட் கொச்சியில் ஒரு நாள் முழுக்கப் பார்க்க என்ன இருக்கிறது?

வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடந்தால் நிறைய இருக்கிறது. காலையில் சீனவலை. போட்டோவில் பார்த்ததை வைத்து அது அலங்காரத்துக்கு நிற்பது என்று நினைக்க வேண்டாம். நீண்ட மரக்கைகளின் முனையில் வலை தொங்கும். மறுமுனையில் கயிற்றில் கோத்த பெரிய பெரிய கற்கள். ஒருவர் மரத்தின்மேல் நடந்து போக அதன் பாரத்தில் வலை தண்ணீரில் இறங்குகிறது. கொஞ்ச நேரம் கழித்து நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வலையை மேலே தூக்குகின்றன. அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் ஒரு கூடை மீன் தேறினால் அதிகம். கயிற்றைப் பிடிக்கச் சொல்லி உங்களையும் கூப்பிடுவார்கள்; பிடித்தால் அப்புறம் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும், அதில் தப்பில்லை.

பக்கத்திலேயே புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503இல் போர்த்துகீசியர் முதலில் கட்டியது. 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை இங்கேதான் புதைத்தார்கள், பிறகு எலும்புகளை ஊருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கல்லறை இருந்த இடத்தைக் கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து மட்டாஞ்சேரி. அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்களை நிதானமாகப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. 1568இல் கட்டிய யூதர் ஆலயம் சனிக்கிழமை திறக்காது. தரையில் பதித்த நீலச் சீன ஓடுகளுக்காகவே உள்ளே போகலாம். ஆகவே வெள்ளி, சனியில் கொச்சிக்குள் நிற்கும்படி திட்டம் போடாதீர்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு இரவே கிளம்பி, ஞாயிறு, திங்களில் சுற்றினால் சரியாக இருக்கும்.

எறணாகுளம் பக்கம் போக வேண்டுமானால் வாட்டர் மெட்ரோ. 2023இல் தொடங்கியது. ஏசி படகு, பஸ் டிக்கெட் மாதிரிக் கட்டணம். காசு கொடுத்துத் தனிப்படகு பிடிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

படகுவீட்டில் ஒரு இரவு தங்காமல் ஆலப்புழா போவதில் அர்த்தம் இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. படகுவீட்டு ஒரு ராத்திரி வாடகையில் நம் மூன்று நாள் சுற்றே முடிந்துவிடும். ஆலப்புழாவிலிருந்து கோட்டயத்துக்கு அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகு ஓடுகிறது. ஆளுக்கு நூறு ரூபாய்க்குக் குறைவு, இரண்டரை மணி நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காய்கறிக் கூடையும் கூடவே வரும். வீட்டு வாசலில் பாத்திரம் கழுவுகிறவர்கள் படகைப் பார்த்துத் தலை நிமிர்கிறார்கள், அவ்வளவு பக்கத்தில் போகிறது. ஏர்கண்டிஷன் அறைக்குள் படுத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது. போன படகிலேயே திரும்பி வந்தால் காரை விட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

தெற்கே போனால் எந்த ஊரை விடலாம், எதை விடக்கூடாது?

ராமேஸ்வரத்தில் தரிசனத்தைவிடத் தனுஷ்கோடிக்குத்தான் நேரம் பார்க்க வேண்டும். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊர். தேவாலயத்தின் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல தார்ரோடு இருக்கிறது. சொந்தக் காரிலேயே போகலாம், ஜீப்காரர்களிடம் பேரம் பேச வேண்டியதில்லை. மாலையில் செக்போஸ்டில் வண்டியை விடமாட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு உள்ளே இருந்தால் நிம்மதி. பாம்பனில் 1914ஆம் ஆண்டுப் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் சாலைப் பாலத்திலிருந்தே தெரியும். நடுப்பாலத்தில் காரை நிறுத்திச் செல்ஃபி எடுப்பது ஆபத்தும் இடைஞ்சலும். கீழே பாம்பன் ஊருக்குள் இறங்கிப் பாருங்கள், இன்னும் நன்றாகத் தெரியும்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. ஆளில்லாத ரோடு. சாயங்கால வெயிலில் உப்பளங்கள் வெள்ளையாக மின்னும். பலர் தூத்துக்குடியை வெறும் துறைமுகம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குப் பிடித்த ஊர் அது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் ஊர், அவர் செக்கிழுத்தது நம் கோவைச் சிறையில். பனிமய மாதா கோயிலுக்குப் போய்விட்டு, ராத்திரி எண்ணெய்ப் புரோட்டா சாப்பிடுங்கள்.

திருச்செந்தூரைச் சொல்லவே வேண்டாம், நம் ஆட்கள் எல்லாரும் போகிற இடம்தான். கூட்ட நாளில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும், அதற்குத் தகுந்த மாதிரி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் மேட்டில் தேவாலயம், கீழே பிரான்சிஸ் சேவியர் தங்கியதாகச் சொல்லும் குகை. நுழைவுக் கட்டணம் ஒன்றும் இல்லை. விடக்கூடாத ஊர் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கன்னியாகுமரியில் 1970இல் திறந்த விவேகானந்தர் பாறைக்கும், 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள். படகு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். முதல் படகுக்கே வரிசையில் நின்றுவிடுங்கள். ஐயப்ப சீசனில் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். நேரம் பத்தாதவர்கள் கன்னியாகுமரியை விட்டுவிட்டுத் திருச்செந்தூரோடு திரும்பலாம்.

கிழக்குக் கரையில் என்ன இருக்கிறது, வேளாங்கண்ணி மட்டும்தானே?

வேளாங்கண்ணி, நாகூர் தர்கா, காரைக்கால் அம்மையார் கோயில் மூன்றும் ஒரே நாளில் பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, அப்போது அறை கிடைப்பது கஷ்டம்.

அதற்கு வடக்கே தரங்கம்பாடி. தஞ்சை நாயக்கரிடம் இடம் வாங்கி டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழில் அச்சடித்தது இந்த ஊரில்தான். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஒரே நேர்த்தெரு, இரண்டு பக்கமும் பழைய வீடுகள், தெருமுனையில் அலை. கூட்டமே இருக்காது. அடுத்து பூம்புகார். பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் அகலமாகப் பார்த்த காவிரி இங்கே கடலில் சேரும்போது எவ்வளவு ஒடுங்கிவிட்டது என்று பார்த்தால் கொஞ்சம் மனசு வலிக்கும். பிச்சாவரம் படகு முடித்துப் புதுச்சேரி. சனி, ஞாயிறு அங்கே அறை விலை ஏறும், வாரநாளில் போங்கள். கடற்கரைச் சாலையில் சாயங்காலத்துக்கு மேல் வண்டி விடுவதில்லை, நடப்பதற்கு அருமை.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் மூன்று கரைக்கும் பொருந்தும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும், அக்டோபர் பாதிமுதல் டிசம்பர்வரை கிழக்கே மழை, புயல். சித்திரை வெயிலில் கடற்கரைப் புழுக்கம் தாங்காது. கோயம்புத்தூர்க் காற்றில் வளர்ந்த உடம்புக்குச் சொல்கிறேன்.

தங்க இடம் எப்படித் தேடுவது? புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், அடையாள அட்டை கேட்பார்களா?

இருவருடைய ஆதாரும் கேட்பார்கள். முகவரி வேறு வேறாக இருந்தால் பரவாயில்லை, திருமணப் பத்திரிகையை வாட்ஸாப்பில் வைத்திருந்தால் போதும், மனசு சமாதானம் ஆகும்.

கடல் தெரியும் அறை என்றாலே வாடகை ஏறிவிடும். இரண்டு தெரு உள்ளே தள்ளினால் சுத்தமான அறை 1,200 முதல் 1,800க்குள் கிடைக்கும். அறையில் இருக்கப்போவது தூங்குகிற நேரம்தானே. ஃபோர்ட் கொச்சியில் வீட்டோடு சேர்ந்த ஹோம்ஸ்டே நல்லது. வேளாங்கண்ணி, குருவாயூர், திருச்செந்தூர் போன்ற இடங்களில் கோயில் விடுதிகளை முன்பதிவு செய்யலாம். குருவாயூரில் ஆண்கள் வேட்டி கட்டி, சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். பேண்ட்டோடு போய் வாசலில் நின்று வேட்டி வாங்காதீர்கள். காருக்கு உள்ளே நிறுத்த இடம் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். இணையத்தில் பார்த்த விலையைச் சொல்லி நேரே போனில் கேட்டால் சில சமயம் இன்னும் குறைப்பார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்ளாதே.

முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் தொட்டுக்க மிளகாய் வறுத்ததும் போதும். சின்ன எலக்ட்ரிக் கெட்டில் ஒன்று எடுத்துப் போனால் காலைக் காபிச் செலவு மிச்சம். கேரளாவில் மதியம் ஊண் சாப்பிடுங்கள். மட்டை அரிசியோடு மீன்சாறு கேட்காமலே ஊற்றுவார்கள். குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுப் பெண்கள் நடத்தும் ஜனகீய ஹோட்டல்கள் மலிவு, வீட்டு ருசி. மத்தியும் அயிலையும் எங்கும் சல்லிசு. கரிமீன் கேட்டால் பில் எகிறும். மெனுவில் விலை போடாமல் “சைஸைப் பொறுத்து” என்று எழுதியிருந்தால் பொரிக்கப் போடும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள். சீனவலைப் பக்கம் மீன் வாங்கிக் கொடுத்துச் சமைக்கச் சொல்பவர்கள், சமைக்கும் கூலியையும் முதலிலேயே பேச வேண்டும்.

இளநீர் மட்டும் வாங்காதீர்கள். பொள்ளாச்சிக்காரர் போய்க் கொச்சியில் அந்த விலைக்கு இளநீர் குடித்தால் தோட்டத்தில் மானம் போய்விடும்.

எனக்கு நீச்சல் தெரியும். கடலில் இறங்கலாமா?

கிணற்றிலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்காலிலும் பழகிய நீச்சல் கடலுக்கு உதவாது. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். தனுஷ்கோடியில் முழங்காலுக்கு மேல் போகவே வேண்டாம். கேரளக் கரையில் காற்றே இல்லாத நாளில்கூடத் திடீரென்று பெரிய அலை ஏறும், கள்ளக்கடல் என்கிறார்கள். அந்த எச்சரிக்கை வந்திருந்தால் மணலில்கூட உட்காராதீர்கள்.

நாலு நாள் ஒரே காரில் இருந்தால் சண்டை வராதுங்களா?

வரும். அதுவும் பசி வந்த நேரத்தில், மேப் தப்பான சந்துக்குள் கொண்டுபோய் விட்ட சமயத்தில் வரும். எங்கள் வீட்டில் ஓட்டுவது வீட்டுக்காரர், கணக்கும் வழியும் என் பொறுப்பு. அவர் “ஏன் அம்மிணி, இந்த ரோடு சரிதானா?” என்று கேட்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் பேச்சு. ஒரு நாளைக்கு ஒரு இடத்தை ஒருவர் தேர்வு, மறு நாள் மற்றவர். கோயிலா கடைவீதியா என்ற தகராறு பாதி அதில் தீர்ந்துவிடும். மீதிக்கு டீக்கடை.

திரும்பி வந்ததும் வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக்காற்றும் மணலும் இரும்பைத் தின்றுவிடும். கண்ணூர் பக்கம் முழப்பிலங்காட்டில் சுமார் நாலு கிலோமீட்டர் மணலிலேயே கார் ஓட்டலாம். அங்கே ஓட்டியிருந்தால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும்.

சொந்தபந்தத்துக்கு என்ன வாங்கி வருவது?

தூத்துக்குடி மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றுதான். கூம்பு கூம்பாக, வாயில் போட்டால் கரையும். காற்றுப் பட்டால் நமத்துவிடும் என்பதால் மூடி இறுகிய டப்பா கையோடு எடுத்துப் போங்கள். முட்டை சாப்பிடாத வீடுகளுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி திருச்செந்தூர்ப் பக்கமே கிடைக்கும். கோழிக்கோடு போனால் அல்வா. கருவாடு வாங்குவதானால் கடைசி நாள் வாங்கி, இரண்டு பாலித்தீன் பை போட்டுக் கட்டி, டிக்கியில் வையுங்கள். பின் சீட்டில் வைத்தால் ஆடி போய் ஆவணி வந்தாலும் வாசம் போகாது.